பசியில்லை என்ற சொல்லும் ஒரு கிண்ணம் சூப்பும்



இந்தப் பகுதியில் இதுகாறும் திருத்தலங்களைப் பற்றியும் ஓய்வுக்காலத்து மனநிலையைப் பற்றியும் எழுதி வந்த நான், இந்த வாரம் அடுக்களைக்குள் நுழைகிறேன். 35 ஆண்டுகள் வங்கிப் பேரேடுகளோடு வாழ்ந்தவனுக்கு அடுப்போடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்ற ஆண்டு ஐப்பசி வரை காப்பி கலப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது.

அந்த ஐப்பசியில்தான் எங்கள் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி புனேவுக்குப் புறப்பட்டாள். மயிலாப்பூர் வீட்டில் நானும் 87 வயதான என் தாயாரும் மட்டும். "இரண்டு மாதந்தானே, வெங்காயம் பூண்டு சேர்க்காத மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரவழைத்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாமல் போய் வா" என்று தைரியம் சொல்லி அவளை ரயிலேற்றி விட்டேன்.

பகல் பதினோரு மணிக்குக் கேரியர் வந்துவிடும். சாம்பார், ரசம், ஒரு கறி, ஒரு கூட்டு என்று குறைவில்லாத சாப்பாடு. அம்மா ரசஞ்சாதம் இரண்டு பிடியும் மோர்ச்சாதம் ஒரு பிடியும் உண்டுவிட்டு, "போதும்டா, பசியில்லை" என்று எழுந்துவிடுவார். இரவில் அரைத் தம்ளர் பால். வயதானால் பசி குறைவது இயற்கை என்று நானும் எண்ணிக்கொண்டேன். கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அது வசதியான காரணமாகவும் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு பிரதோஷ நாள். கபாலீசுவரர் கோயிலுக்குப் புறப்படுகையில், அம்மா விபூதி இட்டுக்கொள்ளக் கையை உயர்த்தினார். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல் சரசரவென்று முழங்கை வரை இறங்கிற்று. எனக்குச் சுருக்கென்றது. வீட்டிலிருந்த எடைக்கருவியில் நிற்கச் சொன்னேன். 43 கிலோ இருந்தவர் 41 ஆகியிருந்தார்.

மறுநாள் மதியம் கவனித்துப் பார்த்தேன். அம்மா இன்றும் வாழையிலையில்தான் உண்பார். அவர் எழுந்த பிறகு இலையை எடுத்தபோது, அதன் நுனி மடிப்புக்கு அடியில் பீன்ஸ் துண்டுகள் ஏழெட்டு இருந்தன. மென்று பார்த்து, மெல்ல முடியாமல், நான் பார்க்காத வேளையில் ஒதுக்கப்பட்டவை. பள்ளிப்பிள்ளை ஆசிரியருக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பதுபோல் அவர் ஒளித்து வைத்திருந்தார்.

அன்று மாலை தொலைபேசியில் மனைவியிடம் இதைச் சொன்னேன். அவள் வியப்படையவில்லை. "அம்மாவுக்குப் பல்செட் ஆடுகிறது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுந்தான் போட்டுக்கொள்கிறார். ஒரு வருஷமாக நான் அவருக்குத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்துத்தானே பரிமாறுகிறேன், நீங்கள் கவனிக்கவில்லையா?" என்றாள்.

நான் கவனிக்கவில்லை. அந்த ஓராண்டும் நாள்தோறும் அதே கூடத்தில், அம்மாவுக்கு எதிரே அமர்ந்துதான் நானும் உண்டேன். கையில் செய்தித்தாள் இருந்தது. எத்தனையோ கிளைகளில் கணக்குச் சரிபார்த்தவனுக்குத் தன் தாயின் இலையில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை.

மறுநாள் அம்மாவிடம், "ஏம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீயே கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறாய். உனக்கு வேறு எதற்குச் சிரமம்?" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு நா எழவில்லை. அன்றுதான் முதன்முறையாக இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.

முதல் முயற்சி சோம்பேறியின் முயற்சி. கடையில் சூப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து வெந்நீரில் கரைத்துக் கொடுத்தேன். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தை நகர்த்திவிட்டார். பொட்டலத்தின் பின்புறத்தைப் பிறகுதான் படித்தேன். வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் அதில் சேர்ந்திருந்தன. உப்பும் தாராளம். வளர்ந்தவர்கள் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்ளாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்ணும் ஒருவருக்குப் பொட்டலத்தைப் படிக்காமல் கொடுத்தது என் தவறு.

இரண்டாவது முயற்சியில் தக்காளியை வேகவைத்து அரைத்து, கொதிக்கக் கொதிக்க அதில் பாலை ஊற்றினேன். பால் திரிந்து திப்பிதிப்பியாக மிதந்தது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் திரியும் என்பது பெண்மணிகள் அனைவருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது முயற்சியில்தான் ஆபத்து நேர்ந்தது. வெந்த காய்களைச் சூடு ஆறாமல் மிக்ஸி ஜாடியில் நிரப்பி, மூடியை அழுத்தி, விசையைத் திருப்பினேன். உள்ளே அடைபட்ட ஆவி மூடியைத் தூக்கி எறிந்துவிட்டது. சூடான குழம்பு என் முன்கையில் தெறித்தது. உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டியபடி நின்றதால் பெரிய கொப்புளம் எழவில்லை. இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நம் வயதில் அடுக்களைக்குப் புதிதாக வரும் ஆண்கள் முதலில் செய்யும் தவறு இதுவாகத்தான் இருக்கும். ஆறவிட்டு அரையுங்கள். ஜாடியில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அன்றிரவு கையில் களிம்பு தடவிக்கொண்டு மறுபடியும் புனேவுக்குப் பேசினேன். மனைவி சிரித்துவிட்டு ஒரே வாக்கியத்தில் வழிகாட்டினாள்: "பரங்கிக்காய்ப் பால்கூட்டு வைப்போமே, அதை வெல்லம் போடாமல் மசித்து, கொஞ்சம் நீர்க்கக் கரைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்."

எனக்கு அப்போதுதான் சூப் என்னும் பண்டத்தின் மீதிருந்த அச்சம் நீங்கிற்று. மேல்நாட்டில் இதற்குக் கொழகொழப்பு வருவதற்காக வெண்ணெயில் மைதாவை வறுத்துச் சேர்ப்பார்கள். கடைசியில் பாலேடும் ஊற்றுவார்கள். நமக்கு அவை வேண்டியதில்லை. உருளைக்கிழங்கில் உள்ள மாவுச்சத்தும் குழைந்த பாசிப்பருப்பும் அந்த வேலையைச் செய்துவிடும். நெய் ஒரு தேக்கரண்டி போதும். இதய நோய்க்கு மருந்து உண்பவர்களுக்கும் இது உறுத்தாது.

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். இருவருக்கு வயிறாரப் போதுமான அளவு இது.

பரங்கிக்காய் 250 கிராம். தஞ்சைப் பக்கத்தில் பரங்கி என்பதைத்தான் சென்னையில் மஞ்சள் பூசணி என்கிறார்கள். தெற்கு மாட வீதிக் கடைகளில் கீற்றாக நறுக்கி வைத்திருப்பார்கள். நல்ல மஞ்சள் நிறமும் கெட்டியான சதையும் உள்ள கீற்றாகப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு கசிந்து கொழகொழத்திருந்தால் வேண்டாம். அதனுடன் சிறிய உருளைக்கிழங்கு ஒன்று, பாசிப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, தோல் சீவிய இஞ்சி அரை அங்குலம், சீரகம் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்பொடி ஒரு சிட்டிகை, நெய் ஒரு தேக்கரண்டி, காய்ச்சிய பால் அரைக் கிண்ணம், உப்பு, மிளகுப்பொடி.

பாசிப்பருப்பை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்துக் கழுவிக்கொள்ளவும். பரங்கியையும் உருளையையும் தோல் சீவித் துண்டுகளாக்கவும். சிறிய குக்கரில் நெய்யைக் காயவைத்துச் சீரகம் பொரிந்ததும், தட்டிய இஞ்சியையும் பரங்கித் துண்டுகளையும் போட்டு இரண்டு நிமிடம் வதக்கவும். பச்சை வாடை போவதற்கு இந்த வதக்கல் அவசியம். பின்னர் உருளையும் பருப்பும் மஞ்சள்பொடியும் சேர்த்து ஒன்றரைக் கிண்ணம் தண்ணீர் ஊற்றி மூடவும். நான்கு சத்தம் வந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை காத்திருக்கவும்.

திறந்தவுடன் வெந்த நீரைத் தனியாக வடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டிவிடாதீர்கள். காயின் சாரம் அதில் இறங்கியிருக்கிறது. காய்கள் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் மையாக அரைக்கவும். மத்தினால் கடைந்தாலும் சரியே. அரைத்ததை வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கவும். பல்லுள்ளவர்களுக்கு இந்த வேலை தேவையில்லை. பல்லில்லாதவர்களுக்கோ இஞ்சியின் ஒரு நார் தொண்டையில் நின்றாலும் அன்றைய உணவு அத்துடன் முடிந்துவிடும். ஆகவே அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வடித்த விழுதை வடித்த நீரோடு கலந்து இளந்தீயில் ஒரு கொதி வரவிடவும். உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் குறைவாகவே போடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு, வெதுவெதுப்பான பாலைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்கவும். பால் சேர்த்தபின் கொதிக்கவிடக் கூடாது. கடைசியாக ஒரு சிட்டிகை மிளகுப்பொடி. பதம் சரிதானா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. கரண்டியை முக்கி எடுத்து அதன் முதுகில் ஒரு கோடு இழுங்கள். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் பதம் சரி. ஓடி மூடிக்கொண்டால் இன்னும் சற்றுக் கொதிக்க வேண்டியிருந்தது என்று பொருள். பால் ஊற்றுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பரங்கி கிடைக்காத நாளில் காரட், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ எதுவும் ஆகும். சர்க்கரை நோயுள்ளவர்கள் உருளைக்கிழங்கைக் குறைத்து, சுரைக்காயும் பருப்பும் கூட்டிக்கொள்ளலாம். பால் ஒவ்வாதவர்கள் நான்கு முந்திரியை ஊறவைத்துக் காயோடு சேர்த்து அரைக்கலாம். ஏகாதசியன்று பருப்பை விட்டுவிட்டு அவரவர் வீட்டு வழக்கத்துக்கேற்ற காய்களைக் கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் காய்களிலும் பருப்பிலும் உள்ள பொட்டாசியம் கணக்கில் வரும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் கீரை சூப்பை மனம்போல் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள கே வைட்டமின் அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். படுத்த நிலையில் இருப்பவர்களுக்கு இதை ஊட்டக் கூடாது. முதுகு நிமிர உட்காரவைத்து, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். உண்டபின் அரைமணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். அடிக்கடி புரையேறினாலோ, விழுங்கியபின் குரல் கரகரத்தாலோ அது வெறும் முதுமை என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி அது.

மறுநாள் மாலை, ஒழுங்காக வந்த முதல் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அம்மாவின் முன் வைத்தேன். "இது என்னடா, ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, அதுவா?" என்றார். "இல்லையம்மா, நம்முடைய மிளகுத்தண்ணீரைத்தான் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் முல்லிகடானி என்று பெயரிட்டு சூப் ஆக்கினார்கள். இது நம் பால்கூட்டின் தங்கை" என்றேன். "வெங்காயம்?" "இல்லை." "பூண்டு?" "இல்லவே இல்லை."

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திணறடித்தது. "ருசி பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. அம்மா எதை உண்டாலும் முதலில் சுவாமிக்குக் காட்டிவிட்டே உண்பவர் என்பதால், நான் நாவில் வைக்காமலே கொண்டுவந்திருந்தேன். அதை நான் சொன்னதும் அவர் சிரித்தார். "சுவாமிக்கு ஒரு வாழைப்பழம் வைத்துவிடு, போதும். பகவானுக்குக் காட்டுவதை ருசி பார்க்கக் கூடாது. கிழவிக்குக் கொடுப்பதை ருசி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். சபரி கடித்துப் பார்த்துத்தானே ராமனுக்கே கொடுத்தாள் என்று சொல்லுவார்கள்!" என்றார்.

நான் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தேன். உப்பே போட்டிருக்கவில்லை. உப்பைச் சேர்த்துக் கலந்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து மறுபடியும் கொடுத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தார். கிண்ணம் காலியாயிற்று. கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் வழித்தார். பிறகு, "இன்னும் இருக்கிறதா?" என்றார். மூன்று வாரமாகப் பசியில்லை என்று சொல்லி வந்தவர் கேட்ட கேள்வி அது. அந்தக் கேள்வியைக் கேட்டபோது அடைந்த நிறைவை என் பணிக்காலத்துப் பதவி உயர்வுகளிலும் நான் அடைந்ததில்லை.

அன்று தொடங்கி நாள்தோறும் மாலையில் ஒரு கிண்ணம். மதியத்தில் மெஸ் கறியைத் தவிர்த்து, குழையக் குழைய வடித்த சாதத்தில் பருப்பும் நெய்யும் விட்டு மசித்துப் போடவும் கற்றுக்கொண்டேன். சூப் மட்டுமே உணவாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது ஒரு வேளைக்குத் துணை. அவ்வளவே. மீந்த சூப்பைப் பால் சேர்க்காமல் எடுத்துவைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்தபின் புதிதாகப் பால் சேர்த்தேன். மூன்றாம் நாளுக்கு வைத்ததில்லை.

பல் மருத்துவரிடமும் அழைத்துச் சென்றேன். பற்கள் போனபின் ஈறும் அதன் கீழுள்ள எலும்பும் ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வரும் என்றும், ஒரு காலத்தில் கச்சிதமாக அமைந்த பல்செட் அதனால்தான் ஆடத் தொடங்குகிறது என்றும் விளக்கினார். புதிதாக அளவெடுத்து உட்புறத்தைச் சீரமைத்துக் கொடுத்தார். இரண்டு நடைகளில் முடிந்த வேலை. ஓராண்டாக அதைச் செய்யாமல் விட்டதற்குக் காரணம், அது யாருக்கும் தெரியாததுதான். தெரிந்த ஒருத்தியும் தன்னாலியன்றதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தாள்.

மார்கழியில் மனைவி பேரக்குழந்தையின் படங்களோடு திரும்பியபோது அம்மா 42 கிலோவைத் தாண்டியிருந்தார். அடுக்களையை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன். ஆனால் மாலை சூப்பை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்போதும் அது என் பொறுப்பு. உண்ணும் வேளையில் செய்தித்தாளும் இல்லை.

இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் என் வயதினர் அல்லது என் தாயாரின் வயதினர். இரு சாராரிடமும் ஒவ்வொரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர் ஒருவர் "பசியில்லை" என்றால், அவருடைய இலையை ஒரு முறை பாருங்கள். எது மீந்திருக்கிறது, எது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். வாயில் புண் உண்டா, பல்செட் ஆடுகிறதா, புதிய மருந்து ஏதேனும் வாயைக் கசக்கவைக்கிறதா என்று மெல்லக் கேளுங்கள்.

பெரியவர்களே, மெல்ல முடியாததைப் "பசியில்லை" என்ற சொல்லால் மூடாதீர்கள். பிள்ளைக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தச் சிரமம் கால்கிலோ பரங்கிக்காயும் முக்கால்மணி நேரமுந்தான். அதை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பிள்ளைக்குக் கொடுங்கள். எனக்கும் போன மாதம் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அன்று மாலை என் மனைவியிடம் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். இரண்டு கிண்ணம் சூப் வைத்தோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.